டோபி கடையின் தொலைபேசி எண்

எழுபதுகளின் கடைசியில் நானும் அப்பாவும் மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். பலகைத் தரை போட்ட இரண்டு அறைகள், பின்பக்கம் குளிக்க ஒரு மூலை. எங்களுக்குச் சொந்தமாகத் தொலைபேசி இல்லை. விண்ணப்பம் போட்டு வருடக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். தொலைபேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம். ஆனால் எந்த அரசாங்கக் கவுன்டரில் போய் நின்றாலும் எண் கேட்டார்கள். இல்லை என்று சொன்னால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள்.

அதனால் கீழே இருந்த டோபி கடையின் எண்ணைக் கொடுத்துவந்தோம். வீடு முழுவதையும் வாடகைக்கு எடுத்து, மாடியை எங்களுக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தவர்கள் அந்தக் கடைக்காரத் தம்பதிதான். கணவர் காலையில் துணி எடுக்கக் கிளம்பினால் மதியத்துக்கு மேல்தான் திரும்புவார். கடையில் இருப்பது அவர் மனைவி. நாற்பத்தைந்து வயது இருக்கும். நான் அக்கா என்று கூப்பிட்டேன். மரியாதையில் அல்ல, வேறு வழியில்லாமல்.

அந்த அக்காவுக்கும் எங்களுக்கும் ஆகாது. காரணம் தண்ணீர். அப்பாவின் இரண்டு கண்ணிலும் புரை வளர்ந்துகொண்டிருந்தது. வாளி இருக்கும் இடம் தெரியாமல் இடறுவார். கால் கழுவும்போது கவிழ்த்துவிடுவார். பலகை இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, நேராக அக்காவின் இஸ்திரி மேசைமேல் சொட்டும். கஞ்சி போட்டு, விறைப்பாக மடித்து வைத்திருக்கும் வெள்ளைச் சட்டைகளின் மேல். உடனே அவள் ஒரு நீளக் கழியை எடுத்துக் கூரையை இடிப்பாள். எங்கள் காலுக்கடியில் வீடே அதிரும்.

தொலைபேசி வந்தாலும் அதே கழிதான், அதே இடிதான். திட்டுவதற்கா, கூப்பிடுவதற்கா என்று தெரியாமல் நான் படியிறங்கி ஓடுவேன். பாதி நேரம் அந்தப் பக்கம் வைத்துவிட்டிருப்பார்கள். வைக்காமல் இருந்தால், நான் பேசி முடிக்கும்வரை அவள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள். நாங்களாக யாரையும் கூப்பிட முடியாது. எண் சுழற்றும் வட்டில் ஒரு சின்னப் பூட்டு தொங்கும். சாவி அவள் இடுப்பில்.

அந்த வருடம் அப்பாவை அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, வலது கண்ணை முதலில் அறுவை செய்யலாம் என்றார். ஆனால் படுக்கை இல்லை. பெயரை எழுதிக்கொள்கிறோம், காலியானால் தொலைபேசியில் சொல்வோம், சொன்ன அன்றைக்கே வர வேண்டும், வராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கவுன்டரில் சொன்னார்கள். நான் டோபி கடை எண்ணைக் கொடுத்தேன்.

வேலையிடத்து எண்ணைக் கொடுக்க வழியில்லை. நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருந்தேன். நாளெல்லாம் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, மயிரைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. அங்கே எங்களுக்கு வரும் தொலைபேசியைக் கொடுக்க மாட்டார்கள். வீட்டில் சாவு என்றால் மட்டும் மேற்பார்வையாளர் வந்து தோளைத் தட்டுவார். அதனால் யார் தோளில் கை விழுந்தாலும் அந்த வரிசையே நடுங்கும்.

அப்பாவுக்குத் தன் மகள் அங்கே வேலை செய்வதே பிடிக்கவில்லை. அவர் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அரசாங்கக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் எல்லாம் அலுவலகத்தில்தான் வேலை பார்த்தார்கள் என்பது அவருக்குப் பெரிய விஷயம். கோயிலில் யாராவது என்னைப் பற்றிக் கேட்டால், வெளியில் வேலை என்று மட்டும் சொல்வார். அம்மா இறந்த பிறகு எங்கள் இருவருக்கும் இடையில் பேச்சு குறைவு. சாப்பாடு, மருந்து, மழை, அவ்வளவுதான்.

மாதங்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்றும் வரவில்லை. அப்பா பேப்பர் படிப்பதை விட்டார். பிறகு கடிகாரம் பார்ப்பதை விட்டார். நான் உள்ளே வந்தால் காலடிச் சத்தத்தை வைத்து முகத்தைத் திருப்பினார்.

ஒருநாள் காலை இடைவேளையில் தொழிற்சாலைச் சிற்றுண்டிச்சாலையின் பொதுத் தொலைபேசிக்குப் போனேன். இருப்பது ஒன்றே ஒன்று. அதற்கு முன்னால் எப்போதும் பெண்கள் வரிசை. எனக்கு முன்னால் இருந்தவள் காதலனோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவள் பத்துக் காசை விரலிடுக்கில் வைத்துச் சுவரில் தட்டிக்கொண்டே இருந்தாள். என் முறை வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எடுத்தவர் மலாயில் கொஞ்சம் பொறுங்கள் என்றார். வேறு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கும் பொறுங்கள். கடைசியில் ஒரு பெண்குரல் வந்து அப்பாவின் பெயரைத் தேடியது. பிறகு, இந்த நோயாளி நாட்டை விட்டே போய்விட்டார், பெயரை அடித்தாகிவிட்டது என்றது.

யார் சொன்னது என்று கேட்டேன். நீங்கள் கொடுத்த எண்ணில் சொன்னார்கள், சிலோனுக்குத் திரும்பிப் போய்விட்டாராம் என்றாள். பின்னால் காசைத் தட்டும் சத்தம் நிற்கவில்லை. நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிட்டார்கள்.

அன்று வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கி, மாடிக்குப் போகாமல் நேராகக் கடைக்குள் நுழைந்தேன். இரண்டு பேர் துணி வாங்க நின்றார்கள். அக்கா ஒரு காற்சட்டையின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து போன் வந்துச்சா அக்கா?"

"வந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"ஒனக்குச் சொல்றதுக்கு நீ எனக்குச் சம்பளம் குடுக்கிறியா?"

"எங்கப்பா சிலோனுக்குப் போயிட்டார்னு சொல்லியிருக்கீங்க."

அப்போதுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "நான் சொல்லல" என்றாள். "போ, எனக்கு வேல கெடக்கு."

பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். இரண்டு சட்டை நனைந்ததற்காக ஒரு மனுஷனின் கண்ணையே எடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். அந்த இரண்டு வாடிக்கையாளர்களுக்கு முன்னால் வாய்க்கு வந்ததைப் பேசினேன். உங்களுக்கும் கண் போனால்தான் தெரியும் என்றுகூடச் சொன்னேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். தொலைபேசிக்குப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்தாள்.

"இனிமே இந்த நம்பர யாருக்கும் குடுக்காத. ஒனக்கு வந்தா நான் எடுக்க மாட்டேன்."

மாடிக்குப் போனபோது அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். கீழே பேசினால் ஒவ்வொரு வார்த்தையும் மேலே கேட்கும் வீடு அது. அவர் தேத்தண்ணி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

மறுநாளிலிருந்து நான் ஆஸ்பத்திரியோடு சண்டையைத் தொடங்கினேன். தினமும் காலை இடைவேளையில், தேநீர்கூடக் குடிக்காமல், வரிசைக்கு ஓடுவேன். ஒவ்வொரு நாளும் அதே பெண்குரலைத்தான் பிடிப்பேன். நோயாளி இங்கேதான் இருக்கிறார், பெயரை மறுபடி சேருங்கள் என்பேன். அடித்த பெயரைச் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை என்பாள். யாருக்கு இருக்கிறது என்பேன். கடிதம் எழுதுங்கள் என்பாள். எழுதியாகிவிட்டது என்றால், அப்படியானால் பதில் வரும், எண் கொடுங்கள், கூப்பிடுகிறோம் என்பாள். எண் இல்லை என்பேன். எண் இல்லாதவர்களை நாங்கள் என்ன செய்வது என்பாள். அவளுக்கும் எனக்கும் மலாய் நன்றாக வரும். இருவரும் அந்த மொழியின் மரியாதைச் சொற்களை ஒன்றுவிடாமல் போட்டு ஒருவரை ஒருவர் குதறிக்கொண்டோம். சில நாள் என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவாள். மிச்ச இடைவேளையில் திரும்பவும் வரிசையின் கடைசியில் போய் நிற்பேன். பின்னால் நிற்பவர்கள் என்னைக் கண்டாலே முணுமுணுத்தார்கள். ஒருத்தி, உனக்கென்று தனியாக ஒரு போன் வாங்கித் தரச் சொல்லு முதலாளியை என்றாள்.

ஒருநாள் நான் கூப்பிட்டபோது அவள் வைக்கவில்லை. பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒலிவாங்கியைக் கையால் மூடினாள் போலிருக்கிறது. சரியாக மூடவில்லை. பக்கத்தில் இருந்த யாரிடமோ, சுத்தமான தமிழில், "அந்தச் சனியன்தான், தெனம் காலையில என் உயிர எடுக்குது" என்றாள்.

அவள் திரும்பி வந்து மலாயில் பேச ஆரம்பித்ததும், "சனியன் தமிழ்தான் பேசும். தமிழ்லயே சொல்லுங்க" என்றேன்.

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் தமிழுக்கு மாறியதும் அவள் குரலில் இருந்த அலுவலகம் போய்விட்டது. கோபம் போகவில்லை.

"சரி லா, கேட்டுக்குங்க. நான் ஒண்ணும் வேணும்னு அடிக்கல. நான்தான் அன்னைக்குப் பேசினேன். மொதல்ல ஒருதரம் கூப்பிட்டப்ப ஒரு பொம்பள எடுத்து, அப்படி யாரும் இல்லன்னு வெச்சிட்டாங்க. அடுத்ததரம் கூப்பிட்டேன், அதே பொம்பளதான் எடுத்தாங்க, போய்க் கூட்டிட்டு வந்தாங்க. வயசானவர் ஒருத்தர் பேசினாரு. இன்னைக்கே வாங்க, மதியத்துக்குள்ள வாங்கன்னேன். சரின்னாரு. ரொம்ப நேரமா வரல. திரும்பக் கூப்பிட்டேன். அதே கெழவர்தான் எடுத்தாரு. நோயாளி சிலோனுக்குப் போயிட்டாரு, இனிமே வரமாட்டாரு, பேரை எடுத்துடுங்கன்னாரு. வெள்ளக்காரன் மாதிரி இங்கிலீஷ். தேங்க்ஸ் சொல்லிட்டுத்தான் வெச்சாரு. உங்க வீட்டு ஆளையே போய்க் கேளுங்க. என்னை ஏன் திட்டுறீங்க?"

அவளே தொடர்ந்தாள். அடித்த பெயரை டாக்டர் மட்டும்தான் சேர்க்க முடியும். கடிதம் எழுதினால் அது எங்காவது அடியில் கிடக்கும். கண் டாக்டர் வெளிநோயாளிகளைப் பார்க்கும் நாளில் அவரை நேரில் கொண்டுவந்து உட்கார வையுங்கள், பார்த்தால் அவரே சேர்ப்பார். இதைச் சொல்லிவிட்டு, "இனிமே போன் பண்ணாதீங்க" என்று வைத்துவிட்டாள்.

அன்று நான் வேலைக்குத் தாமதமாகத் திரும்பியதற்கு மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் ஏசினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தேன். கம்பி எது, விளிம்பு எது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விளக்கைக்கூடப் போடாமல் அப்பாவின் முன்னால் நின்றேன்.

"நீங்கள்தானே ஆஸ்பத்திரியோட கதைச்சது?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் விடவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டேன். பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்.

முதல் தடவை அக்கா தொலைபேசியை வைத்தது உண்மைதான். அன்று காலை தண்ணீர் சொட்டியிருந்தது. அதை அவளே பிறகு அவரிடம் சொல்லியிருக்கிறாள். அடுத்த தடவை கழியால் இடிக்காமல் தானே படியேறி வந்து, கையைப் பிடித்து அவரைக் கீழே இறக்கியிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் மதியத்துக்குள் வரச் சொன்னார்கள். கையெழுத்துப் போட உறவினர் ஒருவர் கூட வர வேண்டும் என்றார்கள். அப்பா என் தொழிற்சாலைக்குப் போடச் சொல்லியிருக்கிறார். அக்கா பூட்டைத் திறந்து போட்டுக் கொடுத்தாள். அங்கே எடுத்த பெண் கேட்டது ஒரே கேள்வி: சாவா? இல்லை, கண் அறுவை, இன்றைக்கே போக வேண்டும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அப்படியானால் வேலை முடிந்ததும் சொல்கிறோம் என்று வைத்துவிட்டாள். எனக்கு அப்படி யாரும் எதுவும் சொல்லவில்லை.

அப்பா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அக்கா கடையை அடைக்கத் தொடங்கினாள். டிரைஷா, அதாவது சைக்கிள் ரிக்ஷா, ஒன்றைக் கூப்பிட்டு நான் கூட்டிப்போகிறேன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அப்பா மாட்டேன் என்றிருக்கிறார்.

"ஏன்?"

"நீ விளங்கிக்கொள்ள மாட்டாய், பிள்ளை."

"சொல்லுங்கோ."

"அங்க வந்து, உங்களுக்கு இவ என்ன முறை எண்டு கேட்பினம். வண்ணாத்தியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு, நான் என்னெண்டு சொல்லுறது?"

அவர் இதை மெதுவாகத்தான் சொன்னார். வெட்கத்தோடு அல்ல. எந்த அலுவலகத்திலும் நியாயமாக எடுத்துக்கொள்ளும் ஒரு காரணத்தைச் சொல்வதுபோல் சொன்னார். அக்கா கடைப் பலகையைத் திரும்பத் திறந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி கூப்பிட்டபோது, கண் தெரியாத கிழவன், கூட வர ஆளில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. சிலோன் என்று வாயில் வந்தது, சொல்லிவிட்டேன் என்றார். பிள்ளைக்குச் சொல்ல வேண்டாம் என்று அக்காவிடம் கேட்டுக்கொண்டாராம்.

நான் கத்தினேன். அதுவரை அப்பாவிடம் அப்படிக் கத்தியதில்லை. பென்ஷன் வாங்குகிற கிளார்க்கின் மானத்துக்காக ஒரு கண்ணைக் கொடுத்தீர்களா என்று கேட்டேன். உங்கள் சட்டையை யார் துவைக்கிறார்கள் என்று கேட்டேன். கோயிலில் என் வேலையை மறைப்பீர்கள், அந்தத் தொழிற்சாலைக்குத்தானே போன் போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். கீழே இஸ்திரிப் பெட்டி வைக்கும் சத்தம் நின்றிருந்தது. நான் கத்தி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி கேட்டது.

கண் டாக்டர் பார்க்கும் நாளில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். மேற்பார்வையாளர் எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துத்தான் விட்டார். அப்பா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. எடுத்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு டிரைஷாவில் ஏறி உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் அந்தக் குரலை நேரில் பார்த்தேன். என்னைவிட இளையவள், கண்ணாடி போட்டவள். முன்னால் மலைபோல் கோப்புகள். நான் வாயைத் திறந்ததும் தெரிந்துகொண்டாள். தலையைத் தூக்காமல், "கூட்டிட்டு வந்துட்டீங்களா? மூணாவது பெஞ்சு" என்றாள். டாக்டர் பார்த்தார், ஏதோ எழுதினார். வீட்டுக்குப் போனால் இவர்கள் திரும்ப வருவார்களோ மாட்டார்களோ என்று அவளே உள்ளே போய் டாக்டரிடம் மலாயில் சொல்வது கேட்டது. படுக்கை ஒன்று மறுநாள் காலியாகும் என்று தெரிந்ததும் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். இரவு நடைவழியில் ஒரு கட்டில். எங்கள்மேல் இரக்கமா, இல்லை என் தொலைபேசித் தொல்லை ஒழியட்டும் என்றா, தெரியாது. நான் நன்றி சொன்னபோது அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

அறுவை நன்றாக முடிந்தது. தலையை அசைக்காமல் படுக்க வைத்திருந்தார்கள். கட்டு அவிழ்த்த பிறகு புட்டி அடி மாதிரித் தடித்த கண்ணாடி ஒன்று கொடுத்தார்கள். அதைப் போட்டால் அப்பாவின் கண் பெரிதாக, வேறு யாருடையதோ போல இருக்கும். ஆனால் பார்வை வந்துவிட்டது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒருநாள் நான் கடைக்குள் போனேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. அக்கா வேலையை நிறுத்தவில்லை.

"ஒங்கப்பா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார். நீங்க அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"அவரு வேணாம்னாரு. நீயும் கேக்க வரல, திட்டத்தான் வந்த." சட்டையைத் திருப்பிப் போட்டாள். "நான் கூட்டிட்டுப் போறேன்னது பரிதாபப்பட்டு இல்ல. கண்ணு தெரிஞ்சா தண்ணி கொட்டமாட்டாரு. அதுக்குத்தான்."

நான் அக்கா என்று எதையோ ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நம்பர் மட்டும் கேக்காத. தரமாட்டேன்."

நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் இருந்தவரை எந்த அலுவலகத்துக்கும் எண் கொடுக்கவில்லை. மின்சாரமோ, பென்ஷனோ, இரண்டாவது கண்ணோ, நானே போய் வரிசையில் நின்றேன். அக்காவும் நானும் வாடகை கொடுக்கும் நாளில் மட்டும் பேசிக்கொண்டோம். கொஞ்ச காலம் கழித்து, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் ஒரு வீடு கிடைத்து மாறிப்போனோம். சாமான் ஏற்றும்போது அவள் கடைக்குள்ளேயே இருந்தாள்.

அப்பா பார்வையோடு இன்னும் பல வருடம் இருந்தார். பேப்பர் படித்தார். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் படிகளைத் தானாக ஏறினார். அன்று நான் கத்தியதை அவர் மன்னிக்கவில்லை. கீழே அக்காவுக்குக் கேட்கும்படி கத்தினேன் என்பதைத்தான் மன்னிக்கவில்லை. நானும் அவர் சொன்ன காரணத்தை மன்னிக்கவில்லை. கூட்டத்தில், படகுத்துறையில், தெரு கடக்கும்போது, பழக்கத்தில் நான் கையை நீட்டினால், அவர் அந்தத் தடித்த கண்ணாடி வழியாக என் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, விலகி நடப்பார்.